மணப்பாட்டுக்கு இரண்டு இடம்

இந்தப் பக்கம் வந்து உட்கார் தாயி. அந்தப் பக்கம் திருநெல்வேலி வரைக்கும் வெயில் கன்னத்திலேயே அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் திருச்செந்தூரில் இருந்து கிளம்புகிறவர்கள் வலது பக்கம்தான் உட்கார வேண்டும். தெரியாதவர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டுப் பேப்பரை ஜன்னலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டே போவார்கள்.

பார், பஸ் எப்படிக் காலியாகக் கிடக்கிறது. இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம். காலை நீட்டலாம். நாளைக்கு இதே நேரத்துக்கு வந்து பார், படிக்கட்டில் தொங்குவார்கள். மூன்று நாள் லீவுக்கு வந்த சனமெல்லாம் நாளைக்குச் சாயங்காலம் மொத்தமாகத் திரும்பும். அதனால்தான் நான் இன்றைக்கே கிளம்பிவிட்டேன். செய்தது சரிதானே? நீயே சொல். ஆனால் என் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீ போம்மா, நான் வரல" என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தேழு வயதுப் பிள்ளையை மணப்பாட்டில் தனியாக விட்டுவிட்டு வருகிறேன்.

தனியாக என்றால் ஒரேயடியாகத் தனியாக இல்லை. பிலோமினா டீச்சர் என்று ஒருவர், ரிட்டயர்டு ஆனவர், வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறார். அங்கேதான் இருக்கிறாள். "நான் பாத்துக்கிடுதேன், நீங்க பயப்படாமப் போங்க" என்று டீச்சர் சொன்னார். பயப்படாமல் போகத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ போயிருப்பேனே.

நீ தூங்கப் போகிறாயா? இல்லையே? அப்போ கேள். யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு ஆறும்.

எனக்குச் சங்கரன்கோவில். பெயர் உலகம்மாள். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். நான் ஆறாம் வகுப்பில் பாதியில் நின்று, தறிக்கு நூலைத் தாராகச் சுற்ற உட்கார்ந்தவள். படிப்பு அவ்வளவுதான். ஆனால் பஸ் விஷயம் எனக்கு அத்துப்படி. எங்கள் தெருவில் யார் வெளியூர் போனாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்கள். எந்த வண்டி எங்கே நிற்கும், எது சுற்றிக்கொண்டு போகும், எந்த வண்டியில் பின் சீட் தூக்கித் தூக்கிப் போடும், எல்லாம் தெரியும்.

மகள் பெயர் சுகந்தி. சென்னையில் வேலை. காதில் எதையோ மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பேசுகிற வேலை. போன மாதம் போன் பண்ணினாள்.

"எம்மா, சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை வருது. அடுத்து சனி, ஞாயிறு. நீயும் நானும் மட்டும் எங்கயாவது போயிட்டு வருவமா? கடல் இருக்கிற ஊரா, கூட்டமில்லாத ஊரா."

"கார் பிடிக்கணுமே" என்றேன்.

"காரெல்லாம் வேண்டாம். டிரைவர் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு. பஸ்லயே போவோம். நிதானமா, வேடிக்கை பாத்துக்கிட்டு, பேசிக்கிட்டு."

"அப்பாவ?"

"அப்பா வேண்டாம். உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

என்ன விஷயம் என்று எனக்குத் தெரியாதா? ராஜபாளையத்து வரன்தான். பையன் மில்லில் சூப்பர்வைசர். ஒரே பிள்ளை. குடிக்கிற பழக்கம் கிடையாது. ஆனி மாதத்தில் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆவணி பிறந்த கையோடு பூ வைத்து நிச்சயம் பண்ணிவிட வேண்டும் என்று நிற்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். சுகந்தி அன்றைக்கு "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறியவள்தான். யோசித்துக்கொண்டே இருக்கிறாள். பையனின் அம்மா, இப்போதே சொந்தமாகிவிட்ட மாதிரி, என்னை மதினி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். என்ன மதினி, என்ன மதினி என்று வாரத்துக்கு ஒரு போன். நானும் எத்தனை நாள்தான் மழுப்புவது? "பிள்ளை எங்க பேச்சைத் தட்டாது மதினி" என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். அது ஒன்றும் வாக்குக் கொடுத்ததாக ஆகாது. பேச்சுக்குச் சொல்வதுதானே.

ஆக, நான் கடலைப் பார்க்கப் போகவில்லை தாயி. கடலை நான் பார்த்ததில்லையா? மகள் வாயிலிருந்து 'சரி' என்று ஒரு வார்த்தை வாங்கத்தான் போனேன். வாங்கிக்கொண்டு வந்தேனா? இல்லை. அவள் வாயையே திறக்கவில்லை.

நிதானமாகப் போக வேண்டும் என்றாளே, நிதானம் என்றால் சும்மா வந்துவிடுமா? அதற்கு எவ்வளவு ஏற்பாடு வேண்டும்! பஸ் ஸ்டாண்டுக்கு நாலு நடை நடந்தேன். டைம் கீப்பரைக் கேட்டேன். அவர் சொன்னது சரிதானா என்று டிரைவர்களைக் கேட்டேன். அவர்கள் சொன்னது சரிதானா என்று டீக்கடையில் கேட்டேன். சங்கரன்கோவிலில் இருந்து முதல் வண்டியில் திருநெல்வேலி, அங்கிருந்து திருச்செந்தூர், அங்கிருந்து மணப்பாட்டுக்கு டவுன் பஸ். ஒன்று தப்பினால் மூன்றும் தப்பும்.

சுகந்தி போனில், "எம்மா, எது வருதோ அதுல ஏறுவோம். நின்னுக்கிட்டே போனாலும் பரவால்ல. திருநெல்வேலியில ரயில்கூட இருக்கு" என்றாள்.

எது வருகிறதோ அதில் ஏறினால் எங்கே கொண்டுபோய் விடுவான்? ரயிலைப் பாதி வழியில் நிறுத்திப் போட்டுவிடுவான், எதிர் வண்டி வரட்டும் என்று. இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டேன்.

அதைவிட முக்கியம், இடம் பிடிப்பது. லீவு நாளில் வண்டி ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே கூட ஓட வேண்டும். ஓடிக்கொண்டே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட வேண்டும். துண்டு விழுந்த இடம் நமக்கு. அப்புறம் படி ஏறி நிதானமாக வரலாம், ஒருவனும் உட்கார மாட்டான். உட்கார்ந்தாலும் எழுந்துவிடுவான். நான் இரண்டு துண்டு, ஒரு சால்வை எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்.

"பிள்ளைகூட ஊர் பாக்கப் போறியா, சீட்டுப் பிடிக்கப் போறியா?"

"நீங்க பேசாமத் தின்னுங்க" என்றேன். அவருக்கென்ன, ஜென்மத்துக்கும் நின்றுகொண்டே போகிற மனுஷன்.

முதல் வண்டி நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது. இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம், ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். காலைக் காற்று. சுகந்தி என் தோளில் சாய்ந்துகொண்டாள். எத்தனை வருஷமாயிற்று அப்படிச் சாய்ந்து! பனவடலிச்சத்திரம் தாண்டியிருக்கும், தலையைத் தூக்காமலே, "எம்மா, அந்த ராஜபாளையத்துக்காரங்க விஷயம்..." என்றாள்.

நான் என்ன, கேட்காமலா இருந்தேன்? ஆனால் அந்த நேரத்தில்தான் கண்டக்டர், மானூரில் ரோடு வேலை நடக்கிறது, வண்டி நின்று நின்றுதான் போகும் என்று யாரிடமோ சொல்கிறார். திருச்செந்தூர் வண்டி போய்விடுமே! "ஏட்டி, எந்திரி. முன்னால படிக்கிட்டப் போயி நிப்போம். நின்ன உடனே இறங்கி ஓடணும்" என்றேன்.

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும்மா."

"கூட்டத்துல மாட்டிக்கிட்டா இறங்கவே பத்து நிமிஷம் ஆகும்."

எழுந்து வந்தாள். முக்கால் மணி நேரம் படிப்பக்கத்தில் நின்றுகொண்டே போனோம். எங்கள் சீட்டில் ஒரு அம்மாவும் கோழிக்கூடையும் உட்கார்ந்து வந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, முதலில் இறங்கியது நாங்கள்தான்.

இனிமேல் நடந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். சிரிக்காதே.

திருநெல்வேலியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். மூன்று திருச்செந்தூர் வண்டி எங்கள் கண் முன்னாலேயே நிறைந்து போனது. நான் ஓடிப்போய்ப் போட்ட துண்டை எடுத்து ஒருவன் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான். இந்தக் காலத்தில் துண்டுக்குக்கூட மரியாதை இல்லை. அப்போது தள்ளி, அந்த ஓரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. போர்டு திருச்செந்தூர். ஆட்களை இறக்கிவிட்டது. ஒருவர்கூட அதைப் பார்த்து ஓடவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! எல்லாரும் தூங்குமூஞ்சிகள், நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்று நினைத்தேன். ஓடினேன். என் துண்டை ஒரு சீட்டில் போட்டேன். பக்கத்து இடத்துக்கு இன்னொரு துண்டு வேண்டும், அது பைக்குள் அடியில் கிடக்கிறது. பின்னாலேயே வந்த சுகந்தியின் தோளில் இருந்து அவள் கைப்பையைப் பிடுங்கி ஜன்னலுக்குள் எறிந்தேன்.

"எம்மா, போன் உள்ள இருக்கு!" என்றாள்.

"இருக்கட்டும், இப்ப ஏறிருவோம்" என்றேன்.

கதவு திறக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. ஆளில்லாத வண்டி, என் துண்டையும் அவள் பையையும் இரண்டு சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு ஸ்டாண்டை விட்டு வெளியே போகிறது. நான் பின்னாலேயே ஓடுகிறேன். "எம்மா, நில்லும்மா, விழுந்திராத" என்று அவள் என் பின்னால் ஓடி வருகிறாள். அது டீசல் போட டிப்போவுக்குப் போகிற வண்டியாம். அப்படியென்றால் போர்டை மாற்ற வேண்டாமா?

டிப்போவுக்கு டவுன் பஸ் பிடித்துப் போனோம். வாசலில் இருந்தவர், "வண்டிய ஒர்க்‌ஷாப்புல விட்டுருக்காங்க. டிரைவர் சாப்பிடப் போயிருக்காரு, வந்ததும் எடுத்துத் தருவாரு, உக்காருங்கக்கா. துண்டப் போடுறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றார்.

கேட்டுவிட்டுப் போடுவதற்குள் இடம் இருக்குமா? அவரிடமே கேட்டேன்.

அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் உட்கார்ந்து சுகந்தி சிரிக்க ஆரம்பித்தாள். சிரி சிரி என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சீட்டெல்லாம் ஜம்முனு டிப்போவுக்குப் போயிட்டு. நாமதான் போகல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கிற நேரமா அது? அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"இப்ப ஏறப் பஸ்ஸும் இல்ல, பாக்கப் போனும் இல்ல. நல்ல நேரம்தான். உக்காரும்மா, சொல்லுதேன்."

"முதல்ல பை வரட்டும்டி. பை வராம என் காதுல எதுவும் ஏறாது."

"பை வந்தா பஸ் வரட்டும்னு சொல்லுவ. பஸ் வந்தா சீட்டு கிடைக்கட்டும்னு சொல்லுவ."

பார்த்தாயா, தாயிடம் பேசுகிற பேச்சா இது? நான் எழுந்து வாசலில் போய் நின்றுகொண்டேன். யாராவது நிற்க வேண்டாமா? டிரைவர் வந்து, பெஞ்சில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்காமல் போய்விட்டால்? பை வந்தது. ஒன்றும் தொலையவில்லை. துண்டு மட்டும் கிரீஸ் ஆகியிருந்தது.

மணப்பாட்டுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம். நல்ல ஊர்தான். மேட்டில் கோயில், கீழே கடல். கூட்டமில்லை. சுகந்தி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கியவள், ஒரு இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன். ஆனால் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் ரோடு தெரியவில்லை. ரோட்டில்தான் திருச்செந்தூர் வண்டி திரும்புகிறது. எந்த எந்த நேரத்துக்கு வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டால்தானே திரும்பிப் போகும்போது நிம்மதி? அதனால் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அவள் கடலைப் பார்த்து, நான் ரோட்டைப் பார்த்து. பக்கத்தில் பக்கத்தில்தான்.

ஒரு பெரியவர் வலையைத் தூக்கிக்கொண்டு போனார். "என்ன தாயி, கடல் கூடச் சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

அங்கேயும் சுகந்தி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து ரோட்டில் வண்டி வந்தது. நம்பர் தெரியவில்லை. டவுன் பஸ்ஸா, உடன்குடி சுற்றிப் போகிற வண்டியா என்று பார்க்க எழுந்து போனேன். போய்விட்டு அப்படியே வந்துவிட்டேன், எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வந்து பார்த்தால் அவள் கணுக்கால் தண்ணீரில் நிற்கிறாள். முதுகுதான் தெரிகிறது. "என்னமோ சொன்னியே?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, பஸ்ஸு என்ன பஸ்ஸு?" என்று கேட்டாள். உடன்குடி வண்டி என்றேன். "சரி" என்றாள்.

அந்தச் 'சரி'யை வைத்து நான் என்ன செய்வது?

இன்றைக்குக் காலையில் எழுந்து கீழே வந்தால், டீச்சர் அடுப்படியில் டீச்சரும் இவளும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். தட்டில் ஆப்பம் ஆறிப்போய்க் கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. பிறகு டீச்சர் என்னிடம், "ஒங்க மக நல்லாப் பேசுதா. மனசுல உள்ளதத் தெளிவாச் சொல்லுதா" என்றார். எனக்கு எப்படி இருக்கும், நீயே சொல். நேற்றுப் பார்த்த டீச்சரிடம் தெளிவாகப் பேசுகிறாள். பெற்றவளிடம் பேசத்தானே கூட்டிக்கொண்டு வந்தாள்? என்னிடம் பேச வாய் வரவில்லை.

"என்ன சொன்னா?" என்று டீச்சரைக் கேட்டேன்.

"அத அவ வாயால கேளுங்க. நான் சொன்னா நல்லாருக்காது" என்று கழுவப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, கேட்கலாம் என்றுதான் போனேன். போகிற வழியில் டீக்கடைக்காரர் பிடித்துக்கொண்டார். நாளைக்கு எப்படி இருக்கும் கூட்டம் என்று கேட்டேன். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். "நாளைக்கா? கால் வைக்க இடம் இருக்காது. இங்க இருந்து ஏறுறவுகள வண்டியில ஏத்தவே மாட்டான்" என்றார். நேராக மணலுக்குப் போனேன்.

"ஏட்டி, கிளம்பு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச உடனே போயிருவோம்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் லீவு இருக்கேம்மா."

"நாளைக்கு இடம் கிடைக்காது."

"கிடைக்காட்டிப் போகுது. நான் மூணு தடவ சொல்ல வந்துட்டேன். நீ கேக்கல."

"எப்ப சொன்ன?"

"பஸ்ல சொன்னேன். டிப்போல சொன்னேன். நேத்து இங்க உக்காந்து சொன்னேன்."

"சொன்னத வண்டியில போகும்போது சொல்லு. எந்திரி. துணிய எடுத்து வை."

அப்போதுதான் சொன்னாள், நீ போம்மா, நான் வரல என்று. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் திட்டியிருப்பேன். கோபமே இல்லை. சின்னப் பிள்ளைக்கு வழி சொல்வது மாதிரிச் சொன்னாள். "பாத்துப் போ. திருச்செந்தூர்ல வலது பக்கமா உக்காரு, வெயில் அடிக்காது." எனக்கே சொல்லித் தருகிறாள்! நான் சொல்லித் தந்ததை எனக்கே!

கிளம்பி வந்துவிட்டேன். பின்னால் ஓடி வருவாள் என்று ஸ்டாப்பில் இரண்டு வண்டியை விட்டேன். வரவில்லை. திருச்செந்தூரில் இருந்து போன் பண்ணினேன். எடுக்கவில்லை. போனைப் பையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பாள். இப்போது சொல், யார் மேல் தப்பு?

என்ன கேட்கிறாய்? நேற்று மணலில் என்ன சொன்னாள் என்றா?

அதுதான் சொன்னேனே, வண்டி வந்துவிட்டது. நான் சரியாகக் கவனிக்கவில்லை.

இல்லை, காதில் விழுந்தது. விழாமல் இல்லை. பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். "அந்தப் பையன் நல்லவன்தாம்மா. குறை ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு..." என்றாள். அவ்வளவுதான். 'ஆனா எனக்கு' வரைக்கும்தான் வந்தாள். வண்டி வந்தது. எழுந்துவிட்டேன்.

ஏன் எழுந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? வண்டி வந்தது, எழுந்தேன். அது உடன்குடி வண்டி என்று வளைவிலேயே தெரியத்தான் செய்தது. இருந்தாலும் கிட்டப் போய்ப் பார்த்தால்தானே நிச்சயம்?

இந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் வரலாமே. ஆனா எனக்கு ரெண்டு மாசம் டைம் வேணும் என்று சொல்ல வந்திருக்கலாம். ஆனா எனக்குச் சென்னையிலேயே வேலை பாக்கணும் என்றிருக்கலாம். அதெல்லாம் பேசிச் சரிபண்ணுகிற விஷயம். பையன் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள். நீ ஏன் தலையைக் குனிந்துகொண்டாய்? நீயும் சென்னையில்தான் வேலை பார்க்கிறாயா? உன் அம்மாவிடம் நீ எப்படிச் சொல்வாய், இந்த மாதிரி விஷயத்தை? நேராகவா?

இரு, போன் அடிக்கிறது. சுகந்தியாகத்தான் இருக்கும். பார்த்தாயா, மனசு கேட்கவில்லை பிள்ளைக்கு...

இல்லை. ராஜபாளையம்.

சொல்லுங்க மதினி. ஆமா, பஸ்லதான். நல்லாருக்கா. எல்லாரும் நல்லாருக்கோம். எங்க? கடையிலயா? இன்னைக்கேவா? திங்கக்கிழமன்னுல்ல... சரி. சரி மதினி. இல்ல, அது வந்து... பட்டுன்னா எல்லாக் கலரும்தான்... இல்ல மதினி, பிள்ளைகிட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன். இல்ல, இன்னும்... ஆமா, ஆமா. கேட்டுட்டுக் கூப்பிடுதேன்.

நிறம் கேட்கிறார்கள் தாயி. பூ வைக்கிற சேலைக்கு. நாளைக்கு ஆவணி பிறந்துவிட்டால் கடையில் கூட்டம் தாங்காது என்று இன்றைக்கே சேலை எடுக்கக் கடைக்கு வந்துவிட்டார்களாம். முன்னால் சேலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். பிள்ளைக்கு எது பிடிக்கும் மதினி என்று கேட்கிறாள். கேட்டுச் சொல்கிறேன் என்றால், "இன்னும் கேக்கலியா? பிள்ளைகூடத்தான இருக்கீங்க?" என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

கூடத்தானே இருக்கிறேன்.

இது எந்த ஊர், ஆழ்வார்திருநகரியா? வந்துவிட்டதா?

தம்பி, கண்டக்டர் தம்பி! ஒரு விசில் குடுங்க. தெரியும், திருநெல்வேலிக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். பரவால்ல. இங்க இறங்கிக்கிடுதேன். ஸ்டாப்பிங் தாண்டிட்டா? மெதுவாப் போகச் சொல்லுங்க, போதும்.

காலை மடக்கிக்கொள் தாயி. நிறம் கேட்கத்தான் போகிறேன். வேறு எதற்கு? போனை எடுக்க மாட்டேன் என்கிற பிள்ளையிடம் நேரில் போனால்தானே கேட்க முடியும். அந்தப் பக்கம் போகிற வண்டி எல்லாம் கூட்டமாகத்தான் வரும், சனிக்கிழமை இல்லையா. துண்டு போடவும் வழி இல்லை, ரோட்டோரம் நின்று கையைக் காட்டி ஏறுகிறவளுக்கு எவன் இடம் கொடுப்பான்? நின்றுகொண்டுதான் போக வேண்டும். திருச்செந்தூரில் இருந்து எந்த வண்டி கிடைக்கும் என்பதும் தெரியவில்லை. மணலில் போய் உட்கார்ந்து, என்ன நிறம் பிடிக்கும் உனக்கு என்று கேட்பேன். பச்சை என்பாளோ, நீலம் என்பாளோ. சேலையே வேண்டாம் என்பாளோ. என்ன சொல்கிறாளோ, முழுசாகச் சொல்லி முடிக்கட்டும்.

படியில நிக்கிற அய்யா, கொஞ்சம் வழிவிடுங்க, இறங்கணும்.

மறுபடியும் அடிக்கிறது பார், ராஜபாளையம். அடிக்கட்டும். கடையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கட்டும்.